எந்த வலை?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஏரிக்கரையில் பூலாச் செடி உண்டு. மழை பெய்து ஏரியில் தண்ணீர் ஏறியதும் கரையோரம் புதர் புதராகத் தழைக்கும். சின்ன இலை, மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைப் பழம், பழுத்தால் கருநீலம். நசுக்கினால் விரலில் மை மாதிரி ஒட்டிக்கொள்ளும். நீர்ப்பூலா என்றும் சொல்வார்கள். தாவரவியலில் இதன் பெயர் ஃபில்லாந்தஸ் ரெட்டிகுலேட்டஸ். 1804இல் புவாரே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. லத்தீனில் 'ரேட்டே' என்றால் வலை, 'ரெட்டிகுலம்' என்றால் சின்ன வலை. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கைலென்ஸில் பாருங்கள். வெளிறிய பச்சையில் பொடிப்பொடியாகக் கட்டம் கட்டியிருக்கும். பெயர் பொருத்தம்தான்.

ஆனால் இந்தப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் பூலாவைத் தேடி எடுக்க முடியாது. அங்கே நிற்கும் செடிகளில் பாதிக்கு மேல் வலை போட்ட இலைதான்.

நான் இலை வரைகிறவன். செடியை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பக்கத்தில் படம் வரைந்து, தமிழில் நாலு வரி விவரம் எழுதிவைப்பது என் வேலை. அந்த நாலு வரியில் அதிகம் அடிபடும் சொல் 'வலைப்பின்னல்'. பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: இருவிதையிலைத் தாவரத்துக்கு வலைப்பின்னல் நரம்பமைப்பு, ஒருவிதையிலைத் தாவரத்துக்கு இணைப்போக்கு நரம்பமைப்பு. மாவிலைக்கு ஒரு படம், வாழையிலைக்கு ஒரு படம், மதிப்பெண் இரண்டு. அதோடு அந்தச் சொல்லின் கதை முடிந்துவிடும். என் வேலையோ அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வலை என்ற பெயரைத் தாங்கி நிற்கும் பொருள்கள் உலகத்தில் ஏராளம். ராமசீத்தாவுக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் அனோனா ரெட்டிகுலேட்டா. சாதாரண சீத்தாப்பழத்துக்கு அதே புத்தகத்தில் அவர் வைத்தது ஸ்குவாமோசா, அதாவது செதில் உள்ளது. இரண்டு பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏன் என்று தெரியும். சீத்தாவின் தோல் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். ராமசீத்தாவில் புடைப்பு அடங்கிக் கோடு மட்டும் தெரியும். பல சூலகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து ஒரே பழமாக ஆனதன் எல்லைக்கோடுகள் அவை. முலாம்பழத்தின் வலை வேறு சங்கதி. உள்ளே சதை பருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடு கொடுக்காமல் கீறல் விட, கீறலை அடைக்கச் செடி தக்கை போன்ற திசுவை நிரப்புகிறது. ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் திரியும் ஒருவகை ஒட்டகச்சிவிங்கிக்கும் 'ரெட்டிகுலேட்டா' என்ற அடைமொழி உண்டு. அதன் உடம்பில் வலை என்பது பழுப்புத் திட்டுகளுக்கு நடுவே விட்ட வெளிர் நிறம். மாடு, ஆடு இவற்றின் வயிற்றில் இரண்டாவது அறைக்கும் ரெட்டிகுலம் என்றே பெயர். ஆட்டுக்குடல் கழுவிப் பழகிய கைக்கு அந்த அறுகோணக் கட்டங்களை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று தையல், ஒன்று தழும்பு, ஒன்று வெறும் நிறம், ஒன்று மடிப்பு. இலையில் இருப்பதோ குழாய். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வலைப்பின்னலை விளக்கப் போய், அதைவிடக் கடினமான நாலைந்து சொல்லை அடுக்கிப் பேர் வாங்கியது. இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஜான்சன்மேல் அனுதாபம் உண்டு. வலையை வரைந்து காட்டலாம். சொல்லில் விளக்குவது கடினம்.

ஏரியில் மீன் பிடிக்கிற ஒருவர் கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னா சார், இலையப் போய் இப்படி உத்து உத்துப் பாக்குறீங்க?"

"வலை மாதிரி இருக்குதில்ல, அதான் பாக்குறேன்."

"எந்த வலை சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு வலை என்று பொதுவாக ஒன்று கிடையாது. வீச்சு வலை வேறு, நீரில் கட்டிவைக்கிற வலை வேறு. கண் எத்தனை விரல் அகலம், நூல் என்ன நூல் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அதில் கெண்டை விழுமா கெளுத்தி விழுமா என்று சொல்ல முடியும். வலைக்காரர்கள் வலையைக் கண்ணால் அளக்கிறார்கள். இழையால் அல்ல. இதே கணக்கைத்தான் இலை வரைகிறவனும் கற்க வேண்டியிருக்கிறது.

அரச இலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் அரச இலைக்குப் பஞ்சமில்லை. முதலில் எல்லைக்கோடு, அந்த நீண்ட வால் நுனியை மட்டும் அவசரப்படாமல் இழுக்க வேண்டும். பிறகு நடுநரம்பு: காம்பில் தடித்து, நுனிக்குப் போகப்போக மெலிகிற இரட்டைக் கோடு. பிறகு பக்க நரம்புகள். ஒவ்வொன்றும் நடுநரம்பிலிருந்து எந்த இடத்தில் கிளம்புகிறது என்று டிவைடரால் அளந்து குறித்துக்கொள்வேன். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று நேராக வருகிறதா, மாறி மாறி வருகிறதா என்பதை ஊகத்துக்கு விடக்கூடாது. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் அடுத்த விஷயம் தெரியும். பக்க நரம்பு விளிம்பைத் தொடுவதில்லை. விளிம்புக்குச் சற்று முன்பே மேல்நோக்கி வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துகொள்கிறது. இப்படி ஒவ்வொன்றும் சேரச் சேர, விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு வளைவு வரிசை ஓடுகிறது. கொய்யா இலையிலும் இது உண்டு. செம்பருத்தியில் அப்படி இல்லை. நரம்பு விளிம்பிலுள்ள பல்லின் நுனிவரை ஓடி அங்கே முடியும்.

இதுவரை எவரும் வரைந்துவிடலாம். கஷ்டம் இதற்குப் பிறகு. பக்க நரம்புகளுக்கு நடுவே கிடக்கிற பொடி வலையைப் புதிதாக வரைகிறவர்கள் கோடு கோடாக இழுப்பார்கள். முதலில் ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்து, குறுக்கும் நெடுக்குமாக. வந்து நிற்பது கொசுவலை. காரணம் எளிது. கோட்டின் மேல் கோடு ஓடினால் வெட்டும் இடத்தில் நாலு கை முளைக்கும். மீன்வலை முடிச்சிலும் நாலு கைதான். இலையில் அப்படி இல்லை. லென்ஸ் வைத்து ஒரு சதுர சென்டிமீட்டரைப் பொறுமையாகப் பாருங்கள்: கிட்டத்தட்ட எல்லாச் சந்திப்பிலும் மூன்று நரம்புதான் கூடும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், இன்னொன்று வந்து அதன் விலாவில் முட்டும். நாலு கூடுவது அபூர்வம்.

ஆகவே கோட்டை வரையக்கூடாது, கண்ணை வரைய வேண்டும். ஒரு கண்ணின் வடிவத்தை முழுதாக மூடு. நாலு பக்கமோ ஐந்து பக்கமோ, கோணலாகவே இருக்கட்டும். அதன் ஒரு பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு அடுத்த கண். இப்படி நிரப்பிக்கொண்டே போனால் நடுவில் மிஞ்சி நிற்பது நரம்பு. மூன்று கைச் சந்திப்பு தானாக வந்துவிடும். பேனா 0.1 மில்லிமீட்டர்; அதற்கு மேல் தடிமன் கூடாது. இலை முழுக்க இப்படி வரைய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லைக்கோடும் பெரிய நரம்புகளும் மட்டும் உள்ள படத்தில் ஒரு சிறு சன்னல் திறந்து, அதற்குள் மட்டும் பொடி வலையைப் பெரிதாக்கிக் காட்டுவது நல்ல வழக்கம். முழு இலையையும் நிரப்பினால் பார்ப்பவர் வாய்பிளப்பார், ஆனால் எதையும் படித்துக்கொள்ள மாட்டார்.

மீன்வலையோடு இன்னொரு வேறுபாடு, கண்ணுக்குள். இலையின் மிகச் சிறிய கண்களுக்குள் பல நேரம் ஒரு நரம்பிழை புகுந்து, எதையும் தொடாமல் அப்படியே நின்றுவிடும். சில சமயம் அது இரண்டாகக் கிளைத்தும் நிற்கும். சில இலைகளில் இந்த மொட்டை முனை அறவே இருக்காது. உள்ளதா இல்லையா, கிளைத்ததா கிளைக்காததா என்பது செடியை அடையாளம் காண உதவும் தகவல். வரைகிறவர் அலுத்துப்போய் இதை விட்டுவிட்டால் படம் அழகாகவே இருக்கும். ஆனால் அது அந்தச் செடியின் படமாக இருக்காது.

கண்ணைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் இலையின் சதையை எடுத்துவிட வேண்டும். அரச இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, நாற்றம் கண்டதும் நீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் சதை அழுகிக் கழன்று வரும். பழைய பல்துலக்கும் பிரஷால் காம்பிலிருந்து நுனிப்பக்கமாக மெல்லத் தடவ வேண்டும். எதிர்ப்பக்கம் தடவினால் கிழியும். கழுவிச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தினால் சல்லாத்துணி மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். பிள்ளையாரும் கிருஷ்ணனும் தீட்டி விற்கிறார்களே, அந்த இலை இதுதான். அவசரக்காரர்கள் சலவை சோடாவில் கொதிக்கவிடுவார்கள். வேலை நடக்கும், ஆனால் பொடி நரம்பு போய்விடும் அபாயம் அதிகம். வியன்னாவில் எட்டிங்ஸ்ஹவுசன் என்ற ஆய்வாளர் 1861இல் இருவிதையிலைத் தாவரங்களின் இலை எலும்புக்கூடுகளைப் பற்றியே ஒரு பெரும் புத்தகம் போட்டார். இலைகளை நேராக உலோகத் தகட்டில் அழுத்தி அச்சுப் பதிக்கும் முறையில் வந்த படங்கள் அவை. பாறையில் புதைந்த பழங்கால இலைகளை அடையாளம் காண வேண்டிய தேவை அவருக்கு. பாறையில் பூ கிடைப்பது அரிது, இலைதான் கிடைக்கும்.

எங்கள் ஊரிலும் பூ இல்லாத செடியை அடையாளம் காண வேண்டிய தேவை இருக்கிறது, நாற்றங்காலில். அண்ணாமலையில் காட்டை மீட்க நாற்று வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாண் உயர நாற்றில் பூவும் கிடையாது, காயும் கிடையாது. பெயரட்டை மழையில் அழிந்துபோனால் இலை ஒன்றே சாட்சி. எட்டிக்கு எதிரெதிராக இலை, அடியிலிருந்தே எழும்பி வளைந்து ஓடும் மூன்று அல்லது ஐந்து நரம்பு, நடுவில் வலை. சரி, இது எட்டி என்று எழுதப் பேனாவை எடுப்பதற்குள் தேற்றா ஞாபகத்துக்கு வரும். அதே குடும்பம், அதே பேரினம், அதே நரம்புப் போக்கு. ஒன்றின் விதை கொல்லும், மற்றதன் விதை கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும். நரம்பை மட்டும் நம்பி இரண்டையும் பிரிக்கப் போகாதீர்கள்.

அருணாசலேசுவரர் கோயிலின் தலமரம் மகிழம். அதன் இலையைக் கையில் வைத்துப் பார்த்தால் வலையே கண்ணுக்குத் தெரியாது. வழவழவென்று பச்சைத் தகடு. பக்க நரம்புகள் நிறைய உண்டு; எல்லாம் மெல்லியவை, நெருக்கமானவை. பாடப்புத்தகப்படி இதுவும் வலைப்பின்னல்தான். புன்னையோ கேட்கவே வேண்டாம். பக்க நரம்புகள் மயிரிழை இடைவெளியில் இணை இணையாக ஓடும். இருவிதையிலை மரம், ஆனால் பார்த்தவர் எல்லாம் இணைப்போக்கு என்றே சொல்வார்கள். மறுபக்கம் சேப்பங்கிழங்கு இலை. ஒருவிதையிலைத் தாவரம், ஆனால் நல்ல வலை. வள்ளிக்கிழங்குக் கொடியும் அப்படியே. தேக்கிலையைத் திருப்பினால் பக்க நரம்புகளுக்கு இடையே ஏணிப்படி போலக் குறுக்கு நரம்புகள், அந்தப் படிகளுக்கு நடுவேதான் பொடி வலை. பிரியாணிக்குப் போடும் இலையை எடுங்கள், நம் கடைகளில் கிடைப்பதில் அடியிலிருந்து மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும். விதிவிலக்குகளைக் காட்டினால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதியை மட்டும் படித்த பிள்ளை புன்னைமரத்தடியில் நின்றால் தன் கண்ணைச் சந்தேகிக்கும், புத்தகத்தைச் சந்தேகிக்காது. அதுதான் பெரிய கேடு.

இத்தனை வகை வலைகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கரான லியோ ஹிக்கி. 1973இல் வந்த அவருடைய கட்டுரைதான் இன்றைய இலை விவரிப்புக்கு அடிப்படை. நரம்பு விளிம்பில் முடிந்தால் ஒரு பெயர், வளைந்து தேய்ந்தால் ஒரு பெயர், அடுத்ததோடு சேர்ந்து வளையம் கட்டினால் ஒரு பெயர். அத்தனையும் கிரேக்கம்; வாயில் நுழைவது சிரமம். தமிழில் நான் அந்தப் பெயர்களை இழுத்துக்கொண்டு வருவதில்லை. 'விளிம்பில் முடிகிறது', 'விளிம்புக்குள் வளையம் கட்டுகிறது' என்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படிப்பவருக்கு அகராதி வேண்டியிருக்காது.

இலைக்கு வலை எதற்கு என்று பலர் கேட்பார்கள். தண்ணீர் கொண்டுபோக வேண்டுமென்றால் மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து போனால் போதாதா? போதும், அப்படியும் இலைகள் உண்டு. தொட்டியில் வளர்க்கும் மெய்டன்ஹேர் பெரணியின் சிற்றிலையைப் பாருங்கள். நரம்பு இரண்டிரண்டாகக் கிளைத்து விளிம்புவரை போகும், ஒன்றோடொன்று சேராது. சீனத்து ஜிங்கோ மரத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த மாதிரி இலையில் ஒரு நரம்பை ஒரு புழு கடித்துவிட்டால் அதற்கு அப்பால் தண்ணீர் போக வேறு வழி இல்லை. வலை கட்டிய இலையில் சுற்றுவழி இருக்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலெனி கட்டிஃபோரி, மார்செலோ மேக்னாஸ்கோ முதலியோர் எலுமிச்சை இலையில் நடுநரம்பை ஓட்டை போட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். சாயம் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. 2010இல் வெளியான அவர்கள் கணக்கு சொன்னது இது: சேதமும் ஏற்ற இறக்கமும் இல்லாத உலகத்தில் கிளைபிரியும் மரவடிவமே சிக்கனம், சேதம் உண்டு என்று வைத்துக்கொண்டால் வளையங்கள் வந்தே தீரும். அதே ஆண்டு ஃபிரான்சிஸ் கோர்சன் தனியாகச் செய்த கணக்கும் இதே இடத்துக்குத்தான் வந்தது.

எவ்வளவு நரம்பு? பூக்கும் தாவரங்களின் இலையில் சராசரியாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 8 மில்லிமீட்டர் நீள நரம்பு இருப்பதாக 2009இல் பாய்ஸ், பிராட்ரிப் குழுவினர் அளந்து சொன்னார்கள். மற்றத் தாவரங்களில் சுமார் 2 மில்லிமீட்டர்தான். இந்தச் சராசரியைக் கொண்டு 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓர் இலைக்குக் கணக்குப் போட்டால் 80 மீட்டர் நரம்பு வருகிறது. உள்ளங்கை அகல இலையில் 80 மீட்டர். வரைந்து பார்த்த கைக்கு இந்த எண் ஆச்சரியம் தராது, வலிதான் ஞாபகம் வரும்.

இந்த வேலையை நம் ஊர்க் கைகள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கின்றன. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படத்தொகுப்பில் 2,000க்கு மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்கு வரைந்து கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கய்யாவும் கோவிந்துவும். பின்னவரை மதித்து வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று பெயரிட்டார். அந்தச் செடியின் முழுப்பெயர் கோவிந்தூயா நெர்வோசா. 'நெர்வோசா' என்றால் நரம்புள்ளது. பிற்காலத்தில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டுவிட்டது, பெயர் வழக்கில் இல்லை. இலை வரைகிறவன் பெயருக்குப் பக்கத்தில் நரம்பை வைத்த அந்த மரியாதை மட்டும் எனக்குப் பிடிக்கும். அவர்கள் படங்களைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எங்கே வலையைப் போட வேண்டும், எங்கே வெறுமையாக விட வேண்டும் என்ற தீர்மானம். வரையத் தெரிந்தால் மட்டும் போதாது, விடத் தெரிந்தவர்களுக்கே அது வரும்.

பூலாவுக்குத் திரும்புகிறேன். அதன் தாளில் நான் எழுதியிருக்கும் வரி இது: 'இலை 1 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், மெல்லியது, அடிப்பக்கம் வெளிறியது, பக்க நரம்பு 5 முதல் 7 இணை, விளிம்புக்குள் வளைந்து சேர்கின்றன, பொடி வலை அடிப்பக்கத்தில் தெளிவு.' வலை என்ற சொல் இதிலும் இருக்கிறது. தனியாக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளித் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள், ஏரி குளம் என்று சுற்றிச் செடிக்குறிப்பு எழுதும் இளைஞர்கள், தாவரவியல் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். 'வலைப்பின்னல் நரம்பமைப்பு' என்று எழுதியதும் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். பக்க நரம்பு எங்கே போய் முடிகிறது என்று ஒரு வரி, கண்ணுக்குள் மொட்டை முனை உண்டா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதற்குத் தேவை ஒரு பத்து மடங்கு லென்ஸும் கொஞ்சம் வெயிலும்தான். திருவண்ணாமலையில் வெயிலுக்குக் குறைவில்லை.